நீங்கள் சொன்ன சாட்சி

பாறசாலை,
12-11-1996

ஜிஜியின் அப்பாவுக்கு, குமாரி எழுதுவது.

நானும் ஜிஜியும் சுகமாக இருக்கிறோம். சார்ஜாவில் இப்போது சூடு குறைந்திருக்கும். உங்கள் முதுகுவலியும் குறைந்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். ‘கர்த்தருக்குள் பிரியமான’ என்று தொடங்கி, அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இந்த இரண்டாவது தாளில் எழுதுகிறேன். சபைக்கு வெளியே போடப்பட்டவள் அப்படித் தொடங்கலாமா என்று தெரியவில்லை, கேட்பதற்கும் ஆளில்லை. பிரியம் இல்லை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

உங்கள் கடிதம் கிடைத்தது என்று எழுத ஆசைதான். எனக்கு வந்தால்தானே எழுதுவதற்கு? அது செல்லசாமி உபதேசிக்கு வந்திருக்கிறது. போன வியாழக்கிழமை அவர் நம் வீட்டு நடையில் நின்றபடியே அதில் பாதியை வாசித்துக் காட்டினார். உள்ளே வந்து உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. வெளியே போடப்பட்டவர்களின் வீட்டில் உட்காரக் கூடாதே. பிறகு நீங்கள் எனக்காக எழுதி வைத்திருந்த தாளைத் தனியாக எடுத்துத் தந்தார். நான் சாளைமீன் கழுவிக்கொண்டிருந்தேன். அந்தக் கையோடு வாங்கியதால் தாளில் இப்போதும் மீன் வாடை அடிக்கிறது.

‘பிள்ளைக்கு மருந்து கொடுத்தேன் என்று நான் சபையில் சொன்னது பொய். சாத்தான் என் நாவைப் பிடித்தான். என்னை மன்னியுங்கள்.’ இதை நீங்கள் லீவில் வரும் ஜனவரி கன்வென்ஷனில் நான் எழுந்து நின்று வாசிக்க வேண்டுமாம். வாசிக்காவிட்டால் ஜிஜியை உங்கள் அக்கா வீட்டில் கொண்டுபோய் விடுவீர்களாம். மாத்திரையை நிறுத்தி, நாற்பது நாள் உபவாச ஜெபம் வைத்து, பிள்ளையை மறுபடியும் மேடையில் ஏற்றி நிறுத்துவீர்களாம். எழுத்து உங்களுடையதுதான், சந்தேகமே இல்லை. பன்னிரண்டு வருஷம் கூட வாழ்ந்தவளிடம் என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் என்ன சொல்ல வேண்டும் என்று எழுதி, வேறொருவர் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். எனக்கு அழுகை வரவில்லை. அப்படியொரு கோபம் வந்தது, மிச்ச மீனைக் கழுவாமலே சட்டியில் போட்டுவிட்டேன்.

உபதேசி எழுதியதைப் படித்துவிட்டீர்கள், உங்கள் அக்கா எழுதியதையும் படித்துவிட்டீர்கள். நான் எழுதுவதையும் ஒரு தடவை படியுங்கள். அதற்குப் பிறகு கிழித்துப் போட்டாலும் சரி.

ஜிஜிக்கு முதல் வலிப்பு வந்தபோது நீங்கள் அங்கே போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஒன்பது மாதம் ஜெபித்தோம். நான் கடமைக்காக முழங்காலில் நிற்கவில்லை, என் முழங்கால் தோல் தடித்துப் போனது உங்களுக்கே தெரியும். வலிப்பு மாதத்துக்கு ஒன்று என்று வந்தது, பிறகு வாரத்துக்கு ஒன்று என்று வந்தது. ஒருநாள் பள்ளிக்கூடத்துக் குழாயடியில் விழுந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். சௌதாமினி டீச்சர்தான் தூக்கிக்கொண்டு வந்தார். பக்கத்து வீட்டுக்காரியாக இருந்தும் அவர் வீட்டு ஓணப் பாயசத்தை, படைத்தது என்று சொல்லி வருஷம் தவறாமல் திருப்பி அனுப்பியவள் நான். அவர் சேலையெல்லாம் என் பிள்ளையின் ரத்தம். “பிள்ள போனப்பெறவு இருந்து ஜெபிச்சு என்ன காரியம் குமாரி?” என்று கேட்டார். 

அடுத்த வாரமே மார்த்தாண்டம் போனேன். பாறசாலையிலோ நெய்யாற்றின்கரையிலோ மருந்துக்கடையில் ஏறினால் சபையார் கண்ணில் படாமல் இருக்க முடியாது. அதனால் களியக்காவிளையில் இறங்கி பஸ் மாறிப் போனேன். மாநில எல்லை தாண்டிச் செய்தால் பாவம் இந்தப் பக்கம் தெரியாது என்ற நினைப்பு போலிருக்கிறது, எனக்கே சிரிப்பு வருகிறது. காலையில் ஒரு மாத்திரை, சாயங்காலம் ஒரு மாத்திரை. உங்கள் அக்கா விலாசினி மைனி எப்போது வேண்டுமானாலும் அடுக்களைக்குள் வருவார் என்பதால் உணக்க மரச்சீனி வற்றல் டப்பாவின் அடியில் ஒளித்து வைத்தேன். மட்டிப்பழத்துக்குள் அழுத்திக் கொடுப்பேன். யாரிடமும் சொல்லக் கூடாது என்று ஜிஜியிடம் சத்தியம் வாங்கினேன். சத்தியம் செய்வதும் பாவம் என்று நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள், அதையும் பிள்ளையைச் செய்ய வைத்தேன். இரண்டு மாதத்தில் வலிப்பு நின்றது. இந்த நாள்வரை வரவில்லை.

போன ஜனவரியில் நீங்கள் லீவில் வந்தீர்கள். கன்வென்ஷன் பந்தலில் மேடை ஏறி, இருபத்தொரு நாள் உபவாசம் இருந்தேன், என் மகளின் வலிப்பைக் கர்த்தர் எடுத்துப்போட்டார் என்று சாட்சி சொன்னீர்கள். ஜிஜி உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் கீழே பெண்கள் பக்கத்தில் இருந்தேன். அன்று காலையில் கொடுத்த மாத்திரையின் காலி உறை என் முந்தானையில் முடிந்து கிடந்தது, வழியில் எங்காவது எறியலாம் என்று எடுத்து வந்தது.

அப்போதே எழுந்து சொல்லியிருக்க வேண்டும். ஏன் சொல்லவில்லை என்றால், நீங்கள் அழுதீர்கள். குடித்துவிட்டு நீங்கள் அழுவதை நிறையப் பார்த்திருக்கிறேன், பார்த்துச் சலித்திருக்கிறேன். இது வேறு அழுகை. கடவுள் தன்னையும் ஓர் ஆளாக எண்ணிக் கேட்டதைத் தந்துவிட்டார் என்று ஒரு மனிதன் அழுதால், இல்லை, அது மார்த்தாண்டத்து டாக்டர் தந்தது என்று அவன் பெண்டாட்டி எப்படிச் சொல்வாள்? வாயை மூடிக்கொண்டேன். நீங்கள் விமானம் ஏறும்வரை சந்தோஷமாக இருக்கட்டும், பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சபைப் பத்திரிகையில் உங்கள் இரண்டு பேரின் படத்தோடு சாட்சி அச்சாகி வந்தது. அதற்குப் பிறகு எழுதக் கை வரவில்லை. இது என் குற்றம், வேறு யார் தலையிலும் வைக்க மாட்டேன்.

இனி மினி. அவளை உங்களுக்கு நினைவிருக்காது. ஒற்றசேகரமங்கலத்துப் பெண், இருபத்துமூன்று வயது, கல்யாணமாகி ஒரு வருஷம். சின்ன வயதிலிருந்தே வலிப்பு உண்டு. சபைக்குப் புதியவள், நாலு வருஷமாக மாத்திரை விழுங்கி, வலிப்பில்லாமல் இருந்தவள். அன்று அந்தப் பந்தலில் அவளும் இருந்தாள். நீங்கள் சொன்னதைக் கேட்டுவிட்டுப் போய், மருந்து முழுவதையும் புருஷன் கையால் ஆற்றில் எறிய வைத்தாள். அடுத்த ஞாயிறு அதையே சாட்சியாகச் சொன்னாள், எல்லோரும் கைதட்டினோம். நானும் தட்டினேன். கேட்கிறீர்களா, நானும் தட்டினேன்.

செப்டம்பரில் கஞ்சி வடிக்கிறபோது அடுப்பின்மேல் விழுந்தாள். வலது கை மணிக்கட்டுவரை வெந்து போனது. அவள் அம்மா சபையைக் கேட்காமல் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார். பெண்கள் சேர்ந்து அங்கே ஜெபிக்கப் போனோம், உங்கள் அக்காவும் கூட வந்தார். மினி என்னைத் தனியாகப் பக்கத்தில் கூப்பிட்டாள். “அக்கா, ஜிஜிக்கு வலிப்பு மாறினது எனக்கு மாறல்ல. எனக்க விசுவாசம் போராது, அதாக்கும். நீங்க எனக்காச்சுட்டு கர்த்தர்கிட்ட மன்னிப்புக் கேளுங்க” என்றாள். கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, தனக்கு மன்னிப்பு வேண்டுமென்று, அதுவும் என்னிடம்! வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் நின்றேன். இரண்டு பஸ் போனது, ஏறத் தோன்றவில்லை. உங்கள் அக்கா கையைப் பிடித்து இழுத்து ஏற்றினார்.

மூன்று வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் எழுந்தேன். என்ன சொன்னேன் என்று உங்களுக்குப் பல விதமாக எழுதியிருப்பார்கள். நான் சொன்னது இவ்வளவுதான்: “மினிக்க விசுவாசத்துக்கு ஒரு குறையும் இல்ல. எனக்க பிள்ளைக்கு ஒண்ணேமுக்கால் வருசமாட்டு மருந்து குடுத்துதான் வலிப்பு நின்னுது. நான் மறைச்சேன்.” அதற்குள் யாரோ பாட்டு எடுத்துவிட்டார்கள். கஞ்சிராவும் கைதட்டலும் சேர்ந்துகொண்டது. ஒருவருக்கும் கேட்காமல் போய்விடுமோ என்று மறுபடியும் ஒரு தடவை உரக்கச் சொன்னேன்.

செல்லசாமி உபதேசியைப் பற்றிக் கெட்டது எழுத எனக்கு மனம் வராது. உங்கள் அம்மா படுக்கையில் கிடந்தபோது மலமும் மூத்திரமும் வாரியவர் அவர். அம்மாவின் சவப்பெட்டியைச் சுமந்தவரும் அவர்தான். கூட்டம் முடிந்ததும் என்னை அழைத்து, குரலை உயர்த்தாமல்தான் பேசினார். “மருந்து குடுத்ததுக்கு மன்னிப்பு உண்டு மக்கா. தேவனுக்க மகிமைய ஜனங்களுக்க முன்ன வச்சு எடுத்துப்போட்டியே, அதுக்கு நான் எங்க போவேன்?” என்றார். பொய் சொன்னேனே, ஒரு பெண்ணின் கை வெந்ததே, அதற்கு என்ன என்று கேட்டேன். அது கர்த்தரின் சித்தம் என்றார். இரண்டு ஞாயிறு கழித்து என் பெயரை வாசித்து வெளியே போட்டார்கள். நான் உண்மையிலேயே செய்த குற்றம் அந்த அறிக்கையில் ஒரு வரிகூட இல்லை. இதுதான் என்னால் தாங்க முடியாதது. தண்டனையாவது சரியான குற்றத்துக்குக் கிடைத்திருக்கலாம்.

மினியைப் போய்ப் பார்த்து எல்லாம் சொன்னேன். கட்டிப்பிடித்து அழுவாள், மன்னிப்பாள் என்றெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன் போலிருக்கிறது. அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். அவள் புருஷன் என்னை வெளியே போகச் சொன்னார். பிறகு நெய்யாற்றின்கரைச் சந்தையில் வைத்து அவள் அம்மா மட்டும், மறுபடியும் மாத்திரை விழுங்குகிறாள் என்று சொல்லிவிட்டு நிற்காமல் போனார். மூன்று விரல் மடங்குவதில்லையாம்.

வீட்டு விஷயம் எழுதுகிறேன். ஐப்பசித் துலா மழை நன்றாகப் பெய்கிறது. மாமரத்தின் ஒரு கொம்பு முறிந்து அடுக்களைக் கூரையில் சாய்ந்தது. மைனி அதைப் பார்த்துவிட்டார், ஆனால் என்னிடம் பேசக் கூடாதே. நான் இரண்டு முழம் தள்ளி நிற்கிறேன், அவர் ஜிஜியைப் பார்த்து, “மக்கா, கொம்பு சாஞ்சு கெடக்குண்ணு உனக்க அம்மைகிட்டச் சொல்லு” என்கிறார். ஜிஜி என் பக்கம் திரும்பி அதை அப்படியே ஒப்பிக்கிறாள். ஆள் வரச் சொல்லியிருக்கிறேன் என்று நான் சொல்கிறேன், அதையும் அவள் அந்தப் பக்கம் திரும்பி ஒப்பிக்கிறாள். தினமும் இப்படித்தான். முதலில் சிரித்தேன், இப்போது பற்றிக்கொண்டு வருகிறது. மைனி நல்லவர். பிள்ளைக்குப் புட்டு செய்தால் எனக்கும் சேர்த்துத்தான் செய்து மதிலில் வைத்துவிட்டுப் போகிறார். நான் தின்பதை நின்று பார்க்க மட்டும் அவருக்கு அனுமதி இல்லை.

மற்றவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. காட்டாக்கடையிலிருந்து என் பொன்னையன் அண்ணன் வந்து, இந்தச் சபை வேண்டாம் என்று நான் அப்போதே சொன்னேனே என்று ஒரு முழு நாள் சொன்னார். அவர் போகும் சர்ச்சில் என் பெயரைச் சேர்க்க ஆளைப் பார்த்துப் பேசிவிட்டாராம், என்னைக் கேட்கவே இல்லை. சௌதாமினி டீச்சர் தான் ஜெயித்துவிட்டது மாதிரி நடக்கிறார், மறுபடியும் காது குத்திக் கம்மல் போடு என்கிறார். ஞானஸ்நானத்தன்று நெய்யாற்றங்கரையில் கம்மலைக் கழற்றிய பிறகு தூர்ந்துபோன காது இது. போடுவதா வேண்டாமா என்று யோசிக்க எனக்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள் என்றேன். கோபித்துக்கொண்டார். ஆளாளுக்கு என்னை எங்கே கொண்டுபோய்க் கட்டுவது என்றே பார்க்கிறார்கள்.

எனக்கு ஒன்று புரியவில்லை. ஏழு வருஷம் எதைச் செய்யக் கூடாது என்று படித்தேன். கம்மல் போடாதே, சினிமா பார்க்காதே, படைத்ததைத் தின்னாதே, மருந்து தொடாதே. எல்லாம் மனப்பாடம். ஆனால் ஒருத்தி நம் வார்த்தையை நம்பி மருந்தை ஆற்றில் எறிந்தால் நாம் என்ன செய்ய வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை. இனி ஒவ்வொன்றையும் நானே நிறுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஜிஜி பள்ளி ஆண்டுவிழாவில் டான்ஸுக்குச் சேரலாமா என்று கேட்டாள். முன்பென்றால் கூடாது என்று ஒரே வார்த்தை. இப்போது அரை நாள் யோசித்து, சரி என்றேன். சொல்லிவிட்டு அன்று முழுவதும் அவள்மேல் எரிந்து விழுந்தேன். இனிப் பொய்யே சொல்லக் கூடாது என்று அவளிடம் சொல்லியிருந்தேன், அவள் போய் விலாசினி மாமியிடம், நீங்கள் ஜெபிக்கும் சத்தத்தில் எனக்குப் படிக்க முடியவில்லை என்று சொல்லிவிட்டு வந்தாள். அதற்கு என்ன செய்வதென்றும் தெரியவில்லை.

உங்கள் பயம் எனக்குத் தெரியாததல்ல. நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் தெரியும். சபைதான் உங்கள் குடியை நிறுத்தியது. அது போனால் உங்களைப் பிடித்து நிறுத்த ஒன்றும் இருக்காது என்று பயப்படுகிறீர்கள். அந்த நன்றி எனக்கும் உண்டு, உங்களைவிட அதிகமாகவே உண்டு. உதியன்குளங்கரைச் சாலையோரத்திலிருந்து உங்களைத் தூக்கிக்கொண்டு வந்தவள் நான்தானே. நீங்கள் சபையை விடுங்கள் என்று நான் சொல்லவில்லை. போங்கள், பாடுங்கள், ஜெபியுங்கள், நானே வெள்ளைச் சட்டையைத் துவைத்துத் தருகிறேன். ஆனால் ஏழு வருஷம் குடிக்காமல் இருந்தது நீங்கள். அதில் உங்களுடையதும் கொஞ்சம் உண்டு என்று நம்புங்கள். உங்கள் நம்பிக்கை நிலைப்பதற்காக என் பிள்ளையின் மருந்தை நிறுத்த நான் சம்மதிக்க மாட்டேன்.

டாக்டர் சொன்னதையும் எழுதுகிறேன். வலிப்பு வராமல் மூன்று வருஷம் முழுவதும் கொடுக்க வேண்டும். பிறகு அவரே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வந்து நிற்காமலே போகலாம். ‘நிற்காமலே’ என்று அவர் சொன்னபோது அந்த வார்த்தைக்கு அர்த்தம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஜிஜியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அப்படியென்றால் மேடையில் அப்பா சொன்னது பொய்யா என்று கேட்டாள். இல்லை, அப்பாவுக்கு அப்போது தெரியாது, பொய் அம்மாவுடையது என்றேன். அது உண்மைதான். ஆனால் இப்போது உங்களுக்குத் தெரியும். இனி அந்த மேடையில் அதே சாட்சியைச் சொன்னால் அது என்னுடைய பொய்யாக இருக்காது.

நீங்கள் எழுதி அனுப்பியதை நான் வாசிக்க மாட்டேன். இதற்காக நீங்கள் என்னை வேண்டாமென்று விட்டாலும் வாசிக்க மாட்டேன். 

கடைசியாக ஒன்று. அதைச் சொல்லாமல் முடித்தால் மறுபடியும் உங்களிடம் மறைத்தவளாவேன். முந்தாநாள் ஞாயிற்றுக்கிழமை ஜிஜியைப் பக்கத்தில் உட்காரவைத்து, மாத்திரையை நிறுத்தும்படி யார் சொன்னாலும் கேட்கக் கூடாது, நேரே சௌதாமினி டீச்சர் வீட்டுக்கு ஓடிவிட வேண்டும் என்று சொன்னேன். மாமி சொன்னாலுமா என்றாள். ஆமாம் என்றேன். உபதேசி சொன்னாலுமா என்றாள். அதற்கும் ஆமாம் என்றேன். “அப்பா சொன்னாலுமா?” என்று கேட்டாள். அப்பா சொன்னாலும் என்றேன். அவள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஒரு பிள்ளையிடம் அதன் அப்பாவைப் பற்றிச் சொல்லக் கூடாத வார்த்தை அது. நீங்கள் குடித்து விழுந்து கிடந்த காலத்தில்கூட, எழுந்ததும் அவளைத் தூக்கி உங்கள் மடியில்தான் வைத்தேன். அப்போது பயப்படாதவள் இப்போது பயப்படுகிறேன். எனக்கு இது வேண்டாம். ஜனவரியில் விமானம் இறங்கியதும் சபைக்கும் அக்கா வீட்டுக்கும் முன்பாக நம் வீட்டுக்கு வாருங்கள். அப்பா ஒருநாளும் அப்படிச் சொல்ல மாட்டேன் என்று உங்கள் வாயாலேயே அவளிடம் சொல்லுங்கள். என்னிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். அவளிடம் சொன்னால் போதும், நான் சொன்னதை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

தேவன் உங்களைச் சுகமாக வைத்துக்கொள்ளட்டும். இப்படி எழுத எனக்கு உரிமை உண்டு என்றே நினைக்கிறேன்.

வழி பார்த்திருக்கும்,
குமாரி